எங்கள் பல் மருத்துவருக்கு ஒரு நினைவு மலர்: எதை எழுதுவது, எதை விடுவது?

கேள்வி: மலர்த் தொகுப்பாளர், தருமபுரி

தருமபுரிப் பேருந்து நிலையத்தை அடுத்த தெருவில் ஏறத்தாழ அரை நூற்றாண்டு பல் மருத்துவம் பார்த்த எங்கள் டாக்டர் சென்ற ஆண்டு காலமானார். தாத்தா, அப்பா, பேரன் என்று மூன்று தலைமுறையாக அவரிடம் பல் காட்டிய குடும்பங்கள் சில சேர்ந்து, அவருடைய முதலாண்டு நினைவு நாளுக்கு ஒரு சிறு மலர் கொண்டுவருவதென்று முடிவு செய்திருக்கிறோம். தொகுக்கும் பொறுப்பு என் தலையில் விழுந்திருக்கிறது. வீட்டார் கேட்டுக்கொண்டபடி அவருடைய பெயரை இங்கே குறிப்பிடவில்லை; இந்த வட்டாரத்துக்காரர்களுக்கு அது தேவையும் இல்லை.

இதுவரை வந்து சேர்ந்த கட்டுரைகளைப் படித்தபோது எனக்கு ஒரு சங்கடம் ஏற்பட்டது. எல்லாவற்றிலும் 'கைராசிக்காரர்', 'ஏழை எளியவர்களின் மருத்துவர்', 'புன்னகை மாறாத முகம்' என்ற தொடர்களே திரும்பத் திரும்ப வருகின்றன. பெயரை மட்டும் மாற்றினால் எந்த ஊரில் எந்த மருத்துவருக்கு வேண்டுமானாலும் அவற்றை அப்படியே அச்சிடலாம். அவரை அறிந்தவர்களுக்குத் தெரியும், அவர் புன்னகை மாறாதவர் அல்லர். பாதி நேரம் முகக்கவசத்துக்குப் பின்னாலிருந்து கடுகடுவென்று பேசியவர். அப்படிப்பட்டவரிடம் இத்தனை பேர் ஏன் திரும்பத் திரும்பப் போனோம் என்பதுதான் மலரில் தெரிய வேண்டும் என்று நினைக்கிறேன்.

ஆகவே, நேரில் கண்டதை, அதுவும் நாள் இடம் விவரத்தோடு எழுதக்கூடியவர்களின் உதவியை நாடுகிறேன். இன்னொரு கேள்வியும் இருக்கிறது. அவருடைய மருத்துவமனையின் பின்னறையில் மர அலமாரி நிறைய நோயாளிகளின் அட்டைகள் இருக்கின்றன. ஒவ்வோர் அட்டையிலும் பெயர், வயது, பல் கணக்கு ஆகியவற்றோடு ஊர்ப் பெயரும், 'கிணறு' அல்லது 'போர்' என்று ஒரு சொல்லும் எழுதப்பட்டிருக்கின்றன. அவற்றிலிருந்து சில பக்கங்களை மலரில் படமாக வெளியிடலாமா என்று வீட்டார் கேட்கிறார்கள். எனக்கு விடை தெரியவில்லை.

பதில்: ஓய்வுபெற்ற ஆசிரியை, பென்னாகரம்

'கிணறு', 'போர்' என்ற அந்தச் சொற்களைப் பற்றி நான் எழுதுகிறேன், ஏனென்றால் அவர் அந்தக் கேள்வியைக் கேட்டபோது பக்கத்தில் நின்றவர்களில் நானும் ஒருத்தி.

நான் வேலை பார்த்த ஊராட்சி ஒன்றியப் பள்ளியில் அந்தக் காலத்தில் பாதிக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு முன்பற்களில் காவிக் கறை இருக்கும். சிலருக்குச் சுண்ணாம்பு தெளித்தாற்போல வெள்ளைப் புள்ளிகள். சிலருக்குக் குறுக்கே பழுப்பு வரி. இன்னும் சிலருக்குப் பல்லின் மேற்பரப்பே குழி விழுந்திருக்கும். ஆசிரியர்களாகிய நாங்களும் அதைப் பல் துலக்காத சோம்பேறித்தனம் என்றுதான் பேசிவந்தோம். வீட்டில் பெற்றோர் செங்கல் பொடியும் உமிக்கரியும் கொடுத்துத் தேய்க்கச் சொல்வார்கள். கறை போகாது, ஈறு புண்ணாகும். வயது வந்த பெண்பிள்ளைகள் வாயைக் கையால் மறைத்துக்கொண்டு சிரிப்பார்கள். பெண் பார்க்க வந்தவர்கள் பல்லைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போன வீடுகளை எனக்குத் தெரியும்.

டாக்டர் ஒரு முறை பள்ளிக்கு வந்து பிள்ளைகளின் வாயைப் பார்த்தார். எங்களிடம் ஒரே வீட்டைச் சேர்ந்த அக்காளும் தம்பியும் படித்தார்கள். அக்காளுக்குப் பல் முத்துப் போல இருக்கும். தம்பிக்கு முன்பற்கள் நான்கும் காவி. அவர்களுடைய தாயார் வந்திருந்தார். "இவள் ஒழுங்காகத் தேய்க்கிறாள், இவன் தேய்ப்பதில்லை, நீங்களே நாலு வார்த்தை சொல்லுங்கள் ஐயா" என்று மகனைக் காட்டி முறையிட்டார். டாக்டர் பையனை ஒன்றும் சொல்லவில்லை. "உங்கள் வீட்டுக் கிணறு எந்த வருஷம் வற்றியது? போர் எப்போது போட்டீர்கள்?" என்று தாயாரைக் கேட்டார். மகளுக்குப் பள்ளிக்கூடம் போகும் வயது வந்த பிறகு கிணறு வற்றியதும், மகன் பிறந்ததற்கு முன்பே ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீருக்கு மாறியதும் தெரிந்தது. "அவன் பல் தேய்ப்பதில் குறை ஒன்றும் இல்லையம்மா. பல் ஈறுக்குள் உருவாகிக்கொண்டிருந்த வயதில் அவன் குடித்த தண்ணீர் வேறு, இவள் குடித்த தண்ணீர் வேறு" என்றார். அந்தத் தாயார் மகனை அங்கேயே இழுத்து அணைத்துக்கொண்டார்.

பிறகு ஆசிரியர் அறையில் உட்கார்ந்து எங்களுக்கு விளக்கினார். இந்த வட்டாரத்தின் அடிப்பாறையில் ஃபுளோரைடு கலந்த கனிமங்கள் இருக்கின்றன; பாறையின் இடுக்கில் நெடுநாள் தேங்கி நிற்கும் நீரில் அது கரைகிறது; ஆழம் போகப் போகப் பல இடங்களில் அளவு கூடுகிறது. ஒரு லிட்டர் குடிநீரில் 1.5 மில்லிகிராமுக்கு மேல் ஃபுளோரைடு இருக்கக்கூடாது. அதைத் தாண்டிய நீரைப் பிறந்ததிலிருந்து ஏறத்தாழ எட்டு வயது வரை, அதாவது எனாமல் உருவாகும் காலத்தில் குடிக்கும் பிள்ளைக்குத்தான் பல்லில் கறை விழும். வளர்ந்தபின் இந்த ஊருக்குக் குடிவந்தவருக்குப் பல்லில் வராது. ஆனால் நெடுங்காலம் குடித்தால் பெரியவர்களுக்கு முதுகும் மூட்டும் இறுகும். இதையெல்லாம் கரும்பலகையில் படம் போட்டுக் காட்டினார்.

தண்ணீரைக் கொதிக்கவைத்தால் போதுமா என்று நான் கேட்டேன். கொதிக்கவைத்தால் நீர்தான் ஆவியாகும், ஃபுளோரைடு பாத்திரத்திலேயே தங்கி இன்னும் செறிவாகும் என்றார். கைக்குழந்தை உள்ள வீடுகளில் குடிப்பதற்கும் சமைப்பதற்குமாவது மழைநீரைப் பிடித்து வைக்கச் சொன்னார். சிறு பிள்ளைகளுக்குப் பற்பசையைப் பட்டாணி அளவுக்கு மேல் கொடுக்காதீர்கள், அவர்கள் துப்புவதில்லை, விழுங்குகிறார்கள் என்றும் எச்சரித்தார். அன்று முதல் எங்கள் பள்ளியில் காவிப் பல்லுக்காக எந்தப் பிள்ளையையும் யாரும் திட்டியதில்லை. மலரில் இதைப் போடுங்கள். 'ஏழைகளின் மருத்துவர்' என்று தனியாகப் போட வேண்டியிருக்காது.

பதில்: பல் மருத்துவர், சேலம்

படிப்பு முடிந்த கையோடு அவரிடம் சில காலம் உதவியாளராக இருந்தேன். தொழில் சார்ந்த பகுதியை நான் எழுதித் தருகிறேன்.

அவர் படித்த காலத்தை முதலில் நினைவில் கொள்ள வேண்டும். சென்னையில் மருத்துவக் கல்லூரியின் ஒரு பிரிவாகப் பல் மருத்துவப் படிப்பு தொடங்கியதே 1953இல்தான்; சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் பல் மருத்துவக் கல்லூரி 1980இல் வந்தது. அதற்கு முன்னால் பட்டம் பெற்ற பல் மருத்துவர் ஒருவர் மாவட்டத் தலைநகரில் வந்து உட்காருவதே அபூர்வம். சாலையோரத்தில் பல் கட்டுபவர்களையும், சில நகரங்களில் பலகை மாட்டியிருந்த சீனப் பல் மருத்துவர்களையும் நம்பித்தான் பெரும்பாலான மக்கள் இருந்தார்கள். அவருடைய மேசைக்கு மேலே ரஃபியுத்தீன் அகமதுவின் படம் மாட்டியிருக்கும். அமெரிக்காவில் அயோவா பல்கலைக்கழகத்தில் படித்துத் திரும்பி, 1920இல் கல்கத்தாவில் நாட்டின் முதல் பல் மருத்துவக் கல்லூரியைத் தன் முயற்சியில் தொடங்கி, 1949இல் அதை அரசிடம் ஒப்படைத்தவர் அவர். அவருடைய பிறந்தநாளாகிய டிசம்பர் 24 இன்று தேசியப் பல் மருத்துவர் நாளாகக் கொண்டாடப்படுகிறது. படத்தைப் பார்த்து "உங்கள் அப்பாவா?" என்று கேட்ட நோயாளிகளுக்கெல்லாம் டாக்டர் சலிக்காமல் இந்தக் கதையைச் சொல்வார், வாயைத் திறந்தபடி கேட்க வேண்டியிருந்ததால் யாரும் குறுக்கிட்டதில்லை.

மின்வெட்டுக்குப் பயந்து, காலால் மிதித்து ஓட்டும் பழைய துளைப்பான் ஒன்றை அவர் நெடுங்காலம் வைத்திருந்தார். நான் சேர்ந்தபோது காற்றழுத்தத்தில் நிமிடத்துக்கு மூன்று இலட்சம் சுற்று சுற்றும் ஏர் ரோட்டர் வந்துவிட்டது; ஆனாலும் மூலையில் அந்த மிதி இயந்திரம் எண்ணெய் போட்டுத் துடைத்து நிற்கும். வெள்ளிக் கலவை அடைப்பைத் தம் கையாலேயே அரைப்பார். சிறு கண்ணாடிக் கல்வத்தில் உலோகத் தூளையும் பாதரசத்தையும் இட்டுக் குழைத்து, துணியில் முடிந்து பிழிவார்; மிஞ்சிய பாதரசம் குண்டுமணி போல உருண்டு விழும். அதை ஒரு சொட்டுக்கூடத் தரையில் விடாமல் நீர் நிரம்பிய புட்டியில் சேர்த்து மூடிவைப்பார். எத்தனை குழந்தைகள் கேட்டு அழுதாலும் விளையாடக் கொடுத்ததில்லை. பாதரசப் பயன்பாட்டைக் குறைக்க 2013இல் மினமாட்டா உடன்படிக்கை ஏற்பட்டதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே அவர் அதில் கண்டிப்பாக இருந்தார்.

'ஊசி போட்டதே தெரியவில்லை' என்று பலரும் எழுதியிருப்பார்கள். அதைக் கைராசி என்று மட்டும் போட்டுவிடாதீர்கள். மரத்துப்போகும் மருந்தை வேகமாகச் செலுத்தினால் அதன் அழுத்தத்தால்தான் பெரும்பகுதி வலி உண்டாகிறது. அவர் மருந்தைச் சற்று நேரம் உள்ளங்கையில் வைத்திருந்து குளிர்ச்சியைப் போக்குவார். ஊசி நுழையும் நொடியில் இடக்கையால் கன்னத்தைப் பிடித்து அசைப்பார். பிறகு சொட்டுச் சொட்டாக, நமக்கே பொறுமை போகும் அளவுக்கு மெதுவாகச் செலுத்துவார். பல் எடுக்கும்போதும் 'பிடுங்குதல்' என்பதே அவரிடம் கிடையாது. கடைவாய்ப்பல்லைக் கன்னப் பக்கமும் நாக்குப் பக்கமுமாக மெல்ல அசைத்து அசைத்து, அது பதிந்திருக்கும் எலும்புக் குழியை விரித்துவிட்டால் பல் தானாக எழும்பிவரும் என்று எனக்குக் கற்றுத்தந்தார். அவசரப்பட்டு இழுத்தால் வேர் முறியும், பிறகு இரண்டு பேருக்கும் கண்ணீர்தான் என்பார்.

மலருக்கு உறுதியாக ஏற்ற செய்தி ஒன்று உண்டு. மேல்தாடைப் பல்லை எடுத்தால் கண்பார்வை போய்விடும் என்ற அச்சம் நம் மக்களிடம் எவ்வளவு ஆழமானது என்று உங்களுக்குத் தெரியும். கண்ணுக்குப் பார்வை தரும் நரம்பு வேறு, மேற்பற்களுக்கு உணர்ச்சி தரும் நரம்பு வேறு என்று நான் பாடம் நடத்துவேன், யாரும் நம்பமாட்டார்கள். டாக்டர் பாடம் நடத்தவில்லை. எதிர்ச் சுவரில் தினசரி நாள்காட்டி தொங்கும். பல் எடுக்கும் முன்னால் அதில் சிறிய எழுத்தில் இருக்கும் இராகு காலம், எமகண்டத்தை நாற்காலியிலிருந்தே படிக்கச் சொல்வார். பல் எடுத்துப் பஞ்சு வைத்துக் கடிக்கச் செய்த பிறகு மறுபடியும் படிக்கச் சொல்வார். பஞ்சைக் கடித்தபடி "ழாகு காழம்" என்று அவர்கள் படித்து முடித்ததும், "போய் ஊரில் சொல்லுங்கள்" என்று அனுப்பிவிடுவார். கண்ணாடி இல்லாமல் முதலிலேயே படிக்க முடியாதவர்களைக் கண் மருத்துவரிடம் போகச் சொல்லிச் சீட்டு எழுதிக் கொடுத்ததும் உண்டு.

அட்டைகளைப் பற்றி: பெயரும் நோய் விவரமும் தெரியும்படி எந்த அட்டையையும் படமாக வெளியிடக் கூடாது. நோயாளி இறந்துவிட்டாலும் அவருடைய வாய்க்குள் இருந்ததைப் பற்றிப் பேச நமக்கு உரிமை இல்லை. ஆனால் அவற்றைப் பழைய காகிதத்துக்கும் போட்டுவிடாதீர்கள். அன்றைய சென்னை மாகாணத்தின் நெல்லூர் மாவட்டத்தில் இந்த ஃபுளோரைடு நோயை ஷார்ட் என்ற மருத்துவ ஆய்வாளரும் அவருடைய துணைவர்களும் 1937இலேயே விவரித்திருக்கிறார்கள்; ஆகவே டாக்டர் புதிதாக எதையும் கண்டுபிடித்ததாக நாம் எழுதக் கூடாது. ஊர், பிறந்த ஆண்டு, தண்ணீர், கறையின் அளவு என்று நான்கையும் ஒரே கையெழுத்தில் இத்தனை ஆண்டுகள் பதிந்துவைத்திருக்கிறார் என்பதுதான் அவருடைய சாதனை. பெயர்களை நீக்கிவிட்டு அந்த நான்கு விவரங்களை மட்டும் படியெடுத்து ஒரு பல் மருத்துவக் கல்லூரியின் பொதுச் சுகாதாரத் துறைக்கு வீட்டார் கொடுக்கலாம்.

ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் ஜப்பானியக் கடனுதவியுடன் 2013இல் செயல்பாட்டுக்கு வந்தபோது அவர் அடைந்த மகிழ்ச்சி எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. காவிரித் தண்ணீர் குடித்து வளரும் பிள்ளைகளுக்கு ஆறேழு வயதில் முன்பல் முளைக்கும்போதுதான் திட்டம் தேறியதா என்று தெரியும், அதுவரை நான் கடையைச் சாத்தமாட்டேன் என்றார்.

பதில்: பாலக்கோட்டுக்காரர்

சுருக்கமாக எழுதுகிறேன். என் தந்தையார் வெற்றிலையோடு புகையிலை போடுபவர். கடைவாய்ப்பல் ஆடுகிறது, எடுத்துவிடுங்கள் என்று டாக்டரிடம் போனார். டாக்டர் ஆடிய பல்லைத் தொடுவதற்கு முன்னால் நாக்கை வெளியே நீட்டச் சொல்லி, துணியால் பிடித்து, இரண்டு ஓரத்தையும் அடிப்புறத்தையும் கண்ணாடி வைத்துப் பார்த்தார். எல்லாரையும் அவர் அப்படித்தான் பார்ப்பார் என்பது பிறகுதான் எனக்குத் தெரிந்தது. கன்னத்தின் உட்புறம், புகையிலை அடக்கும் இடத்தில், ஒரு வெள்ளைத் திட்டு இருந்தது. வலி ஒன்றும் இல்லாததால் அப்பா அதைக் கவனித்ததே இல்லை.

பல் இருக்கட்டும், முதலில் இதைப் பாருங்கள் என்று சொல்லி, அடையாறு புற்றுநோய் மருத்துவமனைக்குத் தம் கைப்பட ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தார். அப்பா போகாமல் நாளைக் கடத்தினார். டாக்டர் எங்கள் மளிகைக் கடைக்கே வந்து, பில் போடும் இடத்தில் நின்றுகொண்டு, "கடிதம் எங்கே? பயணச் சீட்டு எங்கே?" என்று கேட்டார். கடையில் ஆட்கள் நிறைந்திருந்தார்கள். அப்பாவுக்கு அவமானமாகப் போய்விட்டது. மறுநாள் இரயில் ஏறினார். சதைத் துணுக்கு எடுத்துச் சோதித்ததில் அது புற்றாக மாறத் தொடங்கும் நிலையில் இருப்பது தெரிந்து, அந்த இடத்தை மட்டும் வெட்டி எடுத்தார்கள். அதன்பின் அப்பா பேரப்பிள்ளைகளைப் பார்த்து, வயது முதிர்ந்துதான் போனார். புகையிலையை விட்டார், டாக்டர் மேல் இருந்த கோபத்தை மட்டும் கடைசிவரை விடவில்லை.

எங்கள் பெயரைப் போடாமல் இதை வெளியிட்டுக்கொள்ளலாம். அம்மாவிடம் கேட்டுவிட்டேன், சம்மதம் என்றார்.

பதில்: பழைய நோயாளி, தருமபுரி

எல்லாரும் நல்லதையே எழுதுகிறீர்கள், தவறில்லை. ஆனாலும் தொகுப்பாளர் கேட்டது உண்மையான மனிதரை என்பதால் மறுபக்கத்தையும் சொல்கிறேன்.

எழுபதுகளிலும் எண்பதுகளிலும் அவர் எடுத்த பற்களில் பலவற்றை இன்றைக்கு வேர் சிகிச்சை செய்து காப்பாற்றியிருப்பார்கள். என் தாயார் நாற்பது வயதுக்குள் கடைவாய்ப்பற்களில் பாதியை இழந்தவர். இது பற்றி டாக்டரிடமே நான் பிற்காலத்தில் கேட்டிருக்கிறேன். அப்போது வேர் சிகிச்சைக்கு நாலைந்து முறை வர வேண்டும். அரூரிலிருந்தும் பாப்பிரெட்டிப்பட்டியிலிருந்தும் கூலி வேலையை விட்டு வருபவர்கள் இரண்டாம் முறையே வரமாட்டார்கள். பாதியில் விட்ட பல் சீழ் பிடித்து முகம் வீங்கி வருவார்கள். ஆகவே எடுப்பதே மேல் என்று தீர்மானித்தேன் என்றார். அவர் சொன்னதில் நியாயம் உண்டு. ஆனால் உள்ளூரிலேயே இருந்த என் தாயாருக்கும் அதே தீர்ப்புத்தானா என்று நான் கேட்டபோது, அவர் பதில் சொல்லவில்லை.

வரிசையிலும் அவர் கண்டிப்பு கொஞ்சம் அதிகந்தான். பெரிய அதிகாரியாக இருந்தாலும் பெஞ்சில் உட்கார்ந்தாக வேண்டும் என்பதைப் பலரும் பெருமையாகச் சொல்வார்கள். பல்வலியோடு இரவெல்லாம் தூங்காமல் வந்த கிழவரும் அதே பெஞ்சில் அதே வரிசையில் உட்கார வேண்டியிருந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். காவிப் பல்லை மறைக்க உறை போடச் சொல்லி வந்த இளம்பெண்களிடம், நல்ல பல்லை இராவ மாட்டேன் என்று மறுத்து அனுப்பியவரும் அவரே. அவர்களில் சிலர் சேலம் போய்ச் செய்துகொண்டு மகிழ்ச்சியாக இருக்கிறார்கள். பல்லின் பார்வையில் அவர் சரி. அந்தப் பெண்களின் பார்வையில் எனக்கு அவ்வளவு உறுதியில்லை.

இவ்வளவும் சொல்லிவிட்டு இதையும் சொல்ல வேண்டும்: என் தாயாருக்குப் பிற்காலத்தில் பல்செட் கட்டிக் கொடுத்தவரும் அவர்தான். கீழ்த்தாடைச் செட் உராய்ந்து புண்ணாகிறது என்று அம்மா அதைப் பெட்டியில் போட்டு வைத்துவிட்டார். விசேஷ வீட்டில் அம்மா வெறும் வாயோடு பாயசம் மட்டும் சாப்பிடுவதை டாக்டர் பந்தியில் எதிரே இருந்து பார்த்துவிட்டு, மறுநாளே வரச் சொல்லி, உராயும் ஓரத்தைத் துளித் துளியாகத் தேய்த்துச் சரிசெய்தார். புண் ஆறும்வரை பல முறை வரச் சொன்னார். அதற்கெல்லாம் காசு வாங்கவில்லை. செட் சரியில்லை என்றால் அது கட்டியவன் குறை, போட்டவர் குறை அல்ல என்பார்.

பதில்: மலர்த் தொகுப்பாளர்

அனைவருக்கும் நன்றி. ஆசிரியை அம்மா எழுதியதை முதல் கட்டுரையாக வைக்கிறேன். பாலக்கோட்டு அண்ணனுடையது பெயரின்றி வரும். பழைய நோயாளி ஐயா எழுதியதை வீட்டாரிடம் படித்துக் காட்டினேன். தயங்குவார்கள் என்று எதிர்பார்த்தேன். டாக்டரின் துணைவியார் முழுவதையும் கேட்டுவிட்டு, "ஒரு வரி குறைக்காமல் போடுங்கள், அந்தப் பெஞ்சு விஷயத்தில் நானே அவரோடு சண்டை போட்டிருக்கிறேன்" என்றார்.

அட்டைகளைப் படமாக வெளியிடுவதில்லை என்று முடிவாகிவிட்டது. சேலம் டாக்டர் சொன்னபடி பெயர் நீக்கிப் படியெடுக்கும் வேலையை மறைந்த டாக்டரின் பேத்தி ஏற்றிருக்கிறார். கல்லூரியோடு பேசும் பொறுப்பைத் தாங்களே ஏற்க வேண்டும் என்று சேலம் டாக்டரைக் கேட்டுக்கொள்கிறேன். மிதி இயந்திரம் இன்னும் மூலையில்தான் இருக்கிறது. அதைப் படம் எடுத்துவிட்டோம். எழுபதுகளில் எடுத்த மருத்துவமனைப் படம் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. அந்தத் தெருவில் அப்போது கடை வைத்திருந்தவர்களின் வீட்டுத் திருமண ஆல்பங்களில், ஊர்வலப் படங்களின் பின்னணியிலாவது, அந்தப் பலகை தெரிகிறதா என்று பார்த்துச் சொன்னால் உதவியாக இருக்கும்.

பதில்: ஓய்வுபெற்ற ஆசிரியை, பென்னாகரம்

பள்ளிக்கு வந்த அன்று எடுத்த குழுப்படம் என்னிடம் இருக்கிறது. கரும்பலகையில் அவர் வரைந்த பல்லும் கிணறும் பின்னால் தெரிகின்றன. பிள்ளைகளின் முகம் தெரிவதால் முதலில் அவர்களைத் தேடிப்பிடித்துக் கேட்க வேண்டும். அந்தத் தம்பி இப்போது ஓசூரில் வேலை பார்க்கிறான், அவனிலிருந்து தொடங்குகிறேன்.